வீரமுனைக்கு எந்த நிறம்?

பெரியநீலாவணையில் பஸ் ஏறிக் கடற்கரை வீதியில் தெற்கே போகிறவர், ஆசனத்தில் சரியாகச் சாய்வதற்குள் ஊர் மாறுவதைக் காண்பார். பெரியநீலாவணை தமிழ் ஊர். அதைத் தாண்டினால் நெசவுக்குப் பேர்போன மருதமுனை, முஸ்லிம் ஊர். அடுத்தது பாண்டிருப்பு, திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உள்ள தமிழ் ஊர். கல்முனையில் இரண்டு சமூகத்துக்கும் கடைத்தெரு ஒன்றுதான். பிறகு சாய்ந்தமருது. பிறகு விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு. நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து, அக்கரைப்பற்றில் இரண்டும் கலந்து, தம்பிலுவில், திருக்கோவில் என்று தமிழ் ஊர்களாகி, பொத்துவிலில் மறுபடி முஸ்லிம்கள் அதிகமாகிறார்கள். காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினாலும் இதே கதைதான்: மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, அதன் வேலியோடு வேலியாக எங்கள் வீரமுனை, அப்பால் வயல்வெளி, அம்பாறை நகரம், சிங்களக் குடியேற்றங்கள்.

இந்தக் கரையை ஒரு தேசப்படப் புத்தகத்தில் எந்த நிறத்தால் தீட்டுவது? புவியியல் படிப்பித்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அலகிலும் தொகை கூடிய சமூகத்தின் நிறத்தைப் பூசுவது என்று விதி வைப்போம். தேசப்படம் தயாரிப்பவர்கள் சாதாரணமாகக் கைக்கொள்ளும் விதிதான் இது. இலங்கை முழுவதையும் ஓர் அலகாக எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 75 பேர் சிங்களவர். நாடு ஒரு நிறம், வீரமுனையும் அதே நிறம். மாகாணங்களாகப் பிரித்தால் கிழக்கில் தமிழர் நூற்றுக்கு 40 அளவில், முஸ்லிம்கள் 37 அளவில், சிங்களவர் 23 அளவில். வீரமுனை தமிழ் நிறத்துக்கு மாறுகிறது. மாவட்டங்களாகப் பிரித்தால் அம்பாறையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 பேர், சிங்களவர் ஏறக்குறைய 39, தமிழர் 17. வீரமுனை முஸ்லிம் நிறம். பிரதேச செயலகப் பிரிவாகப் பார்த்தால் அது சம்மாந்துறைக்குள் வருகிறது. அங்கே முஸ்லிம்களே பெரும்பான்மை. கடைசியாகக் கிராம சேவகர் பிரிவுக்கு இறங்கினால்தான் வீரமுனை தமிழ் ஊர் என்று தெரிகிறது.

ஐந்து பக்கங்கள், மூன்று நிறங்கள். ஒரு பக்கத்திலும் பொய் இல்லை. ஒரே கணக்கிலிருந்து, ஒரே விதியால், நேர்மையான கைகள் வரைந்தவை. ஆனால் பிள்ளை பார்ப்பது அநேகமாக ஒரு பக்கத்தைத்தான். பரீட்சைக்கு வருவதும் ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கம் எது என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிடுகிறார்கள். மாவட்டப் பக்கம் இன்னொன்றையும் செய்கிறது. அம்பாறையில் எந்தச் சமூகமும் பாதியை எட்டவில்லை. இருந்தும் 43 பேரின் நிறம் மற்ற 57 பேரின் மேலும் பூசப்படுகிறது; உகணையும் தெஹியத்தகண்டியும் திருக்கோவிலும் அதற்குள் அமிழ்ந்து போகின்றன.

உலகத்தைப் படமாக்கியவர்கள் எல்லாருமே எதையோ பெருப்பித்து எதையோ சிறுப்பித்தவர்கள்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொலமி தந்த கணக்கின்படி வரையப்பட்ட படங்களில் நமது தீவு, தப்ரபேன் என்ற பெயரில், உண்மைப் பரப்பைவிடப் பல மடங்கு பெரிதாக, நிலநடுக்கோட்டையும் தாண்டிக் கிடக்கிறது. பக்கத்தில் இந்தியத் தீபகற்பம் தட்டையாகி, இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் நிற்கிறது. அலெக்சாந்திரியாவில் இருந்தவருக்கு இந்தத் தீவைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் மாலுமிகளும் வணிகர்களும் சொன்ன செய்தி. 1154இல் பலெர்மோவில், சிசிலி அரசர் இரண்டாம் ரோஜருக்காக அல்-இத்ரீசி 70 பகுதிப் படங்களைக் கொண்ட உலக நூலை முடித்தார். அதில் தெற்கு மேலே, வடக்கு கீழே. அந்த உலகத்தில், சரந்தீப் என்ற பெயரில், நமது தீவு முக்கியமானது. மேற்கே அறபு நாடுகளோடு நமது கரைகளுக்கு இருந்த தொடர்பை நினைத்தால், அந்தப் படத்தைச் சம்மாந்துறைப் பிள்ளைகளும் வீரமுனைப் பிள்ளைகளும் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். தெற்கு மேலே இருந்தாலும் உலகம் கவிழாது என்பதை அது ஒரு நிமிடத்தில் சொல்லித்தரும்.

ஒரே அளவில் தாள்களை அச்சடித்து நூலாகக் கட்டும் வழக்கத்தை 1570 மே மாதத்தில் அன்ட்வேர்ப் நகரில் ஓர்டேலியஸ் தொடங்கிவைத்தார். அவருடைய நண்பர் மேர்கேட்டர் தொகுத்த நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1595இல், அட்லஸ் என்ற பெயரோடு வந்தது. மேர்கேட்டர் 1569இல் வரைந்த உலகப் படம் கடலோடிகளுக்கானது. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகிற கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த படம் அன்று இல்லை. வகுப்பறைச் சுவருக்கு அதைக் கொண்டுவந்ததுதான் பிழை. துருவத்தை நெருங்க நெருங்க அதில் நிலம் வீங்குகிறது. கிறீன்லாந்து ஆபிரிக்காவோடு போட்டி போடுகிறது. உண்மையில் ஆபிரிக்கா அதைப்போல் 14 மடங்கு. நமக்கு நெருக்கமான கணக்கு ஒன்று சொல்கிறேன். ஐஸ்லாந்து இலங்கையைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றே கூடிய பரப்புள்ளது. மேர்கேட்டர் படத்தில் அது எட்டு மடங்குக்கு மேல் தெரியும். 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் இதைக் குற்றமாக எடுத்துச் சொல்லிப் பரப்பைச் சரியாகக் காட்டும் படம் ஒன்றை முன்வைத்தபோது, படவியல் அறிஞர்கள் பலர் சினந்தார்கள். அந்த முறையை 1855இலேயே ஜேம்ஸ் கோல் சொல்லிவிட்டார் என்றார்கள். அவர் படத்தில் கண்டங்களின் வடிவம் இழுபட்டுக் கிடக்கிறது என்றார்கள். இரண்டும் உண்மை. ஆனால் தென் நாடுகளின் பிள்ளைகள் தங்கள் நிலத்தைச் சிறியதாகவே பார்த்து வளர்ந்தார்கள் என்பதும் உண்மை. 1989இல் வந்த அவருடைய அட்லஸில் உலகின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவுத்திட்டத்தில் இருந்தன. ஐரோப்பாவுக்குப் பல பக்கம், ஆபிரிக்காவுக்கு ஒரு பக்கம் என்ற பழைய வழக்கத்தை அது முறித்தது. அதற்காக அவரை மதிக்கிறேன்.

நாட்டெல்லைகளில் இன்னும் கடுமை. இந்தியாவில் அச்சாகும் தேசப்படத்தில் காஷ்மீர் முழுவதும் இந்தியா. பாகிஸ்தானில் அச்சாகும் படத்தில் வேறு. மூன்றாம் நாட்டில் அச்சாகும் படத்தில் புள்ளிக்கோடு. இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டு நூல்களில், இந்த எல்லைகள் சரியானவை அல்ல என்று முத்திரை குத்தி விற்ற காலம் உண்டு. இன்று கைத்தொலைபேசியில் பார்க்கும் படத்திலும், எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லைக்கோடு மாறுகிறது.

நம் நாட்டில் படம் வரையும் பொறுப்பு 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்துடையது. அதன் தொழில்நுட்பத்தைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 50,000க்கு 1 என்ற அளவுத்திட்டத்தில் தீவு முழுவதையும் 92 தாள்களில் தந்திருக்கிறார்கள். அதில் குளமும் வாய்க்காலும் கோயிலும் பள்ளிவாசலும் தெரியும். தேசிய அட்லஸை அந்தத் திணைக்களம் 1988இல் வெளியிட்டது, இரண்டாம் பதிப்பை 2007இல். இடையே, 1997இல், முன்னாள் நில அளவையாளர் நாயகம் சோமசேகரமும் துணையாசிரியர்களும் சேர்ந்து அர்ஜுனா அட்லஸைத் தனியார் முயற்சியாகக் கொண்டுவந்தார்கள். இந்த ஆண்டுகளை நமது கரையிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டது 1988 செப்டெம்பரில். உயர் நீதிமன்றத் தீர்ப்பின்படி அவை பிரிக்கப்பட்டது 2007 ஜனவரி 1ஆம் திகதி முதல். தேசிய அட்லஸின் இரண்டு பதிப்புகளுக்கும் இடையில் ஒரு மாகாணம் பிறந்து, 18 ஆண்டு இருந்து, இல்லாமல் போனது. வீரமுனையில் இருந்தவர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே இரண்டு முறை மாகாணம் மாறினார்.

அதற்கு முன்னும் இது நடந்திருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, மேற்கே காடாக இருந்த நிலத்தைக் குடியேற்றமாக்கியது. 1961 ஏப்ரலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாதி அம்பாறை மாவட்டமாயிற்று. கச்சேரி கரையோரத்துக்கு வரவில்லை, உள்ளே அம்பாறைக்குப் போனது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புக்குப் பிறகு தேர்தல் மாவட்டத்துக்குத் திகாமடுல்ல என்று இன்னொரு பெயரும் வந்தது. பிறகு ஒவ்வொருவரும் தத்தம் படத்தோடு வந்தார்கள். தமிழர் தாயகம் என்று கீறிய படங்களில் வெருகலிலிருந்து கூமுனை வரை கரை முழுவதும் ஒரே நிறம். அதில் மருதமுனையும் சம்மாந்துறையும் எங்கே என்று தேட வேண்டும். தனிக் கரையோர மாவட்டம் கேட்ட முஸ்லிம் தரப்பின் படத்தில் கரை இன்னொரு நிறம். அதில் வீரமுனையைத் தேட வேண்டும். 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அவர்கள் குறிக்கப்போகும் படத்தில் எங்கள் இரண்டு சமூகமும் எங்கே இருப்போம் என்று கரை முழுவதும் அஞ்சியது. மூன்று தரப்புக்கும் சான்று இருக்கிறது, காயம் இருக்கிறது. மூன்று தரப்பும் படத்தில் செய்தது ஒன்றுதான்: அடுத்த வீட்டுக்காரரின் மேல் தன் நிறத்தைப் பூசியது.

நிறம் தாளோடு நின்றுவிட்டால் இதை எழுத வேண்டிய தேவை இல்லை. ஒரு நிலம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று மனம் பழகிவிட்டால், அதில் வேறாக நிற்கும் ஊர் கறையாகத் தெரியத் தொடங்குகிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்பது நாள். அவற்றின் காரணங்களை வரைபடத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆயுதம் ஏந்தியவர்களும் ஏவியவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்த ஊர் இங்கே இருக்கக் கூடாது என்ற எண்ணத்துக்கு முன்னால், இந்த இடம் இன்னாருடையது என்ற படம் ஒன்று மனதில் தீட்டப்பட்டிருந்தது. எங்கள் ஊரார் சிதறிப்போய், பிறகு திரும்பி வந்தார்கள். அந்த இடப்பெயர்வையும் திரும்புதலையும் காட்டும் பக்கம் எந்த அட்லஸிலும் நான் கண்டதில்லை.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அது எந்த நிறத்தையும் பார்க்கவில்லை. இலங்கையில் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். அதற்குப் பிறகு வந்தது ஒரு கோடு. மேற்கிலும் தெற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக் கூடாது. கொழும்பில் தாளில் பார்த்தவருக்கு இது சிறிய கோடு. 50,000க்கு 1 படத்தில் 200 மீற்றர் என்பது 4 மில்லிமீற்றர். அந்தப் படத்தில் அரை மில்லிமீற்றர் பென்சில் கோடு ஒன்றே 25 மீற்றர் நிலத்தை மறைக்கும். சாய்ந்தமருதில் 25 மீற்றருக்குள் இரண்டு, மூன்று வளவு இருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் களப்பும், நடுவே நெருக்கமாகக் கட்டிய ஒடுங்கிய மண். அங்கே 200 மீற்றரை எடுத்துவிட்டால் மீனவனுக்கு ஊரே மிஞ்சாது. அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்குள் பலர் மாதக்கணக்கில் தகரக் கொட்டில்களில் இருந்துவிட்டார்கள். மருதமுனையில் இன்றும் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று ஓர் இடம் உண்டு. கோட்டின் அளவே குடியிருப்பின் பெயராகிவிட்டது. படத்தில் உள்ள கரையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒலுவில் துறைமுகத்துக்குப் பின் அங்கும் நிந்தவூர்ப் பக்கமும் கடல் தென்னைகளைத் தின்றுகொண்டு வந்ததை எல்லாரும் பார்த்தோம். அச்சிட்ட கரைக்கோடு ஒரு நாளின் கரை. அந்த நாள் எது என்பதைப் படத்தின் மூலையிலாவது பெரிதாகப் போட வேண்டும்.

கோட்டுக்கான வழக்கு இன்னும் முடியவில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு 2019 ஜூனில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எதிராகவும் மக்கள் திரண்டார்கள். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. தமிழர், முஸ்லிம் பிணக்கு மட்டும் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் இரண்டுமே முஸ்லிம் ஊர்கள். தங்கள் வேலை தங்கள் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயம். ஒவ்வொரு கேள்வியும் கடைசியில் எந்தக் கடை எந்தப் பக்கம், எந்த வீதி யாருக்கு என்று ஒரு கோட்டில் வந்து முட்டிக்கொள்வதுதான் துயரம்.

இந்த மண்ணுக்கென்று அச்சாகாத படங்களும் இருந்தன, கொஞ்சம் இன்னும் இருக்கின்றன. களப்புக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை; சூரியனை வைத்து நிலத்தைப் பிரித்தார்கள். கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்ற பழைய பிரிவுகளில் ஒன்றுக்குள்ளேயே எல்லாச் சமூகமும் அடங்கியது. விவசாயியின் படம் வாய்க்காலைப் பின்பற்றும். எங்கள் பக்கத்து வெளியில் ஒரு கண்டத்துக்குள் தமிழ்ப் போடியாரின் வயலும் முஸ்லிம் போடியாரின் வயலும் வரம்பு தொட்டுக் கிடக்கும். வட்டவிதானை தண்ணீரை முறைவைத்துத் திறப்பார். பெரும்போகத்துக்கான கூட்டத்தில் பேச்சு முழுவதும் தலைவாய்க்காலா கடைவாய்க்காலா என்பதைப் பற்றித்தான். குடும்பத்தின் படம் இன்னும் ஆழமானது. தாய்வழியாக வரும் குடி முறை இந்தக் கரையில் தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. கோயில் திருவிழாவிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் குடிக்குரிய இடம் உண்டு. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். நமது பாடநூல்களின் படங்களில் அதற்கு ஒரு குறியீடுகூட இல்லை.

பழையதைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. போடியார் காலத்தில் குத்தகைக்காரன் பட்ட பாடு எந்தப் படத்திலும் இல்லை, பெண்ணின் வயல் யார் பெயரில் எழுதப்பட்டது என்பதும் இல்லை. இன்றைக்குச் செய்யக்கூடியது என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். உயர்தரத்தில் புவியியல் எடுக்கும் மாணவர் படிக்கிற ஒரு முறை இருக்கிறது: புள்ளிப்படம். அலகு முழுவதையும் ஒரு நிறத்தால் நிரப்பாமல், இத்தனை பேருக்கு ஒரு புள்ளி என்று வைத்து, மக்கள் இருக்கும் இடத்திலேயே புள்ளியை இடுவது. ஐம்பது பேருக்கு ஒரு புள்ளி என்று நமது கரைக்கு வரைந்தால் பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை மூன்று நிறப் புள்ளிகள் அடுத்தடுத்து நெருங்கி, வயல்வெளி வெறுமையாக, குடியேற்றங்கள் வாய்க்கால் ஓரமாக வரிசையாகத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து இது இன்னாருடைய நிலம் என்று ஒருவர் சொல்வது கடினம்.

அதிலும் ஆபத்து உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. யார் எந்த வீட்டில் என்று காட்டும் அளவுக்கு நுணுக்கமான படம் தவறான கையில் ஆயுதம். அதனால்தான் ஐம்பது பேருக்கு ஒரு புள்ளி என்கிறேன். ஊரை மறைக்காத அளவுக்கு நுணுக்கம், வீட்டைக் காட்டாத அளவுக்குப் பருமன். இந்த அளவைத் தீர்மானிப்பது கணினிக்கு விட வேண்டிய வேலை அல்ல. இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டுக்கான அடுத்த குடிசன மதிப்பீடு நடந்து முடிந்தது. அதைக்கொண்டு புதிய படங்கள் வரையப்படும், பாடநூல்களும் மாறும். மாவட்ட நிறத்தோடு நின்றுவிடாமல் கிராம சேவகர் பிரிவு வரை இறங்கும் பக்கம் ஒன்று அதில் வேண்டும், தமிழிலும் வேண்டும். அது வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்கத் தேவையில்லை. சம்மாந்துறைப் பிரிவின் எல்லைப் படத்தை நில அளவைத் திணைக்களத்தில் வாங்கலாம். கிராம சேவகர் பிரிவுக் கணக்கைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள், இரண்டு சமூகத்துப் பாடசாலைகளிலும், முதலில் ஐந்து பக்கத்தையும் விதிப்படி நிறந்தீட்டட்டும். பிறகு அதே கணக்கைப் புள்ளிகளாக இடட்டும். இரண்டு பாடசாலைப் படங்களையும் ஒரே மேசையில் வைத்துப் புள்ளிகளை எண்ணிச் சரிபார்க்கட்டும். கூடக்குறைய இருந்தால் அந்த ஊருக்கே சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.